தோட்டக் காவலுக்கு இளநாய்: பழக்கும்போது அளவு மீறித் துள்ளினால் என்ன செய்வது?

தோட்டத்திலேயே குடியிருந்து பயிர் செய்யும் உழவர்களுக்கு நாய் ஒரு நல்ல துணை. மோட்டார் கொட்டகைக்குக் காவல், ஆட்டுப்பட்டிக்குக் காவல், இரவில் தண்ணீர் பாய்ச்சச் செல்லும்போது வரப்பில் கிடக்கும் பாம்பை முன்கூட்டியே உணர்த்துதல் என்று அது செய்யும் பணிகள் பல. மதுரை தல்லாகுளத்தைக் கடந்து அழகர்கோயில் சாலையில் சென்றால், பெரியாறு பாசனக் கால்வாயை ஒட்டிய சிற்றூர்களில் இத்தகைய தோட்ட நாய்களை இன்றும் காணலாம்.

ஆனால் ஆசையோடு கொண்டுவந்த குட்டி ஆறு, ஏழு மாதம் ஆனதும் வேறு நாயாக மாறிவிடுகிறது. நாற்றங்காலில் பாய்ந்து புரளுகிறது. சொட்டுநீர்க் குழாயைக் கடித்துக் குதறுகிறது. ஆட்டுக்குட்டிகளை விரட்டுகிறது. பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகள் மேல் தாவுகிறது. சரி, பழக்கலாம் என்று கயிற்றைப் பிடித்தால் கயிற்றைக் கவ்வி இழுக்கிறது, வேட்டி நுனியைப் பிடித்துத் தொங்குகிறது, கையைக் கடிக்கிறது. "இது தேறாத நாய்" என்று முடிவு செய்து சிலர் அதை ஆயுள் முழுதும் சங்கிலியில் கட்டிப்போடுகின்றனர். சிலர் நகரத்து ஓரத்தில் கொண்டுபோய் விட்டுவிடுகின்றனர்.

இந்த இரண்டுக்கும் அவசியம் இல்லை. இளநாயின் துள்ளல் கீழ்ப்படியாமை அன்று. செலவாகாமல் தேங்கிய சக்தியும், நாம் அறியாமலே அதற்குக் கொடுத்துவரும் கூலியும் சேர்ந்து விளைவதே அத்துள்ளல். தேங்கிய சக்திக்கு வடிகால் அமைத்து, தவறான கூலியை நிறுத்திவிட்டால் அதே நாய் நல்ல காவல் நாயாகும். அதற்குரிய வழிமுறைகளை இங்கே காண்போம்.

ஏன் துள்ளுகிறது?

முதற் காரணம் வயது. நாய்க்குட்டிக்கு நான்கு முதல் ஆறு மாதத்திற்குள் பால்பற்கள் விழுந்து நிலையான பற்கள் முளைக்கின்றன. ஈறு தினவெடுப்பதால் அகப்பட்டதையெல்லாம் கடிக்கும். அதற்குப் பின் வருவது விடலைப் பருவம். இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழக அறிஞர்கள் 2020-இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்து மாதத்தில் "உட்கார்" என்ற சொல்லுக்குப் பணிந்த நாய்கள் எட்டு மாதத்தில் அதே சொல்லுக்குத் தம்மை வளர்த்தவரிடம் குறைவாகவே பணிந்தன என்று கண்டனர். ஓராண்டு வயதில் அவற்றின் பழகும் தன்மை மீண்டும் மேம்பட்டது. எனவே எட்டாம் மாதத்துக் குறும்பைப் பார்த்து நாயைப் பற்றி முடிவு கட்டக்கூடாது.

இரண்டாவது காரணம் தேங்கிய சக்தி. காலை முதல் மாலை வரை ஆறடிச் சங்கிலியில் கிடந்த இளநாயை அவிழ்த்தவுடன் "உட்கார்" என்றால் அதனால் இயலாது. வடிகால் இல்லாத வயலில் நீர் நிற்பதைப்போல் சக்தி அதன் உடலில் நிற்கிறது. இதற்கு மாறாக, அதிகக் களைப்பும் துள்ளலைத் தரும். சிறு குட்டிகள் ஒரு நாளில் பதினாறு மணி நேரத்திற்கு மேலும் உறங்கக்கூடியவை. தூக்கம் கெட்ட கைக்குழந்தை அழுது அடம் பிடிப்பதுபோல், உறக்கம் கெட்ட குட்டி கடித்து அடம் பிடிக்கும்.

மூன்றாவது காரணம் நாம் கொடுக்கும் கூலி. நாய் தாவுகிறது, நாம் கத்துகிறோம், கையால் தள்ளுகிறோம், காலை உதறுகிறோம். நமக்கு அது கண்டிப்பு. நாய்க்கு அது விளையாட்டு. குட்டிகள் ஒன்றோடொன்று விளையாடுவதே தள்ளியும் கடித்தும் குரைத்தும்தானே? நல்ல பலன் தந்த செயலை விலங்கு திரும்பச் செய்யும் என்பதை அமெரிக்க அறிஞர் தார்ண்டைக் 1898-இல் பூனைகளைக் கொண்டு சோதித்துக் காட்டினார். தாவினால் எசமான் தன்னோடு ஆடுகிறார் என்று கண்ட நாய் மேலும் தாவுவதில் வியப்பில்லை.

பயிற்சிக்கு முன் செய்ய வேண்டியவை

காளைக்கன்றை ஏரில் பூட்டிய முதல் நாளே ஓர் ஏக்கரை உழுதுவிட வேண்டும் என்று எந்த உழவரும் எதிர்பார்ப்பதில்லை. பழகிய மாட்டோடு இணைத்து, இளகிய மண்ணில், சிறிது நேரம் நடத்தி, களைக்கும் முன்பே அவிழ்த்துவிடுகிறோம். நாய்க்கும் அதே முறைதான்.

1. பயிற்சிக்கு முன் கால் மணி நேரம் வரப்பு வழியே நடத்திச் சென்று, விரும்பிய இடத்தில் மோப்பம் பிடிக்க விட வேண்டும். நாய்க்கு மோப்பம் என்பது மூளைக்கு வேலை. சிறுநீர், மலம் கழித்த பிறகே பயிற்சியைத் தொடங்க வேண்டும்.

2. வயிறு நிறையத் தின்றவுடன் பயிற்சி கூடாது. அரை வயிறாக இருக்கும் நேரமே ஏற்றது.

3. வெயில் ஏறும் முன்போ, பொழுது சாய்ந்த பின்போ பழக்க வேண்டும். நாய்க்கு நம்மைப்போல் உடல் முழுதும் வியர்ப்பதில்லை. நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்தே வெப்பத்தைத் தணித்துக்கொள்கிறது. சித்திரை, வைகாசி நண்பகலில் பழக்குவது அதன் உயிருக்கே ஆபத்து.

4. கழுத்தில் தோல் அல்லது துணிப் பட்டை கட்ட வேண்டும். பட்டைக்கும் கழுத்துக்கும் இடையே இரண்டு விரல் நுழைய வேண்டும். சுருக்குக் கயிறு கூடாது. பட்டையில் ஆறடி நீளமுள்ள நூல் கயிற்றைக் கட்டிக்கொள்ளலாம்.

5. பரிசாகக் கொடுக்க அவித்த முட்டை அல்லது வேகவைத்த கோழி ஈரலைக் கொண்டைக்கடலை அளவுக்கு நறுக்கி வைத்துக்கொள்ள வேண்டும். வெங்காயம் சேர்த்த குழம்பில் போட்ட கறித்துண்டு வேண்டாம். வெங்காயம் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும்.

பயிற்சி எவ்வளவு நேரம்?

ஒரு தடவைக்கு மூன்று முதல் ஐந்து நிமிடம் போதும். இவ்வாறு ஒரு நாளில் மூன்று அல்லது நான்கு தடவை செய்யலாம். அரை மணி நேரம் தொடர்ந்து பழக்குவதால் வரும் பலனைவிட இதில் பலன் அதிகம். ஒவ்வொரு செயலுக்கும் ஒரே சொல்லைத்தான் வீட்டார் அனைவரும் பயன்படுத்த வேண்டும். ஒருவர் "வா" என்றும், மற்றவர் "இங்கே வாடா" என்றும், பிள்ளைகள் வேறொன்றும் சொன்னால் நாய்க்கு எதுவும் பதியாது. "உட்கார்", "இரு", "வா", "விடு" ஆகிய நான்கு சொற்கள் தோட்ட நாய்க்குப் போதும். சொன்னதைச் செய்த அந்த நொடியிலேயே பரிசு கொடுக்க வேண்டும். பத்து நொடி கழித்துக் கொடுத்த பரிசு எதற்கு என்று நாய்க்கு விளங்காது.

துள்ளத் தொடங்கியவுடன் செய்ய வேண்டியவை

பயிற்சியின் நடுவே நாய் தாவினாலோ, கயிற்றைக் கவ்வினாலோ, கையைக் கடிக்க வந்தாலோ கீழ்க்கண்ட வரிசையில் நடந்துகொள்ள வேண்டும்.

முதலில், நட்டு வைத்த கல்தூணைப்போல் நின்றுவிட வேண்டும். பேசக்கூடாது. நாயின் கண்ணைப் பார்க்கக்கூடாது. கைகளை மார்போடு சேர்த்துக் கட்டிக்கொள்ள வேண்டும். கயிற்றின் நடுப்பகுதியைக் காலால் மிதித்துக்கொண்டால் நாய் மேலே தாவ முடியாது. ஆனால் அது நிற்கவும் உட்காரவும் படுக்கவும் போதிய தளர்ச்சி கயிற்றில் இருக்க வேண்டும்.

நான்கு காலும் தரையில் ஊன்றியதும் மனத்திற்குள் மூன்று வரை எண்ண வேண்டும். அதுவரை தாவவில்லையென்றால், அதற்கு நன்றாகத் தெரிந்த எளிய சொல் ஒன்றை மட்டும் சொல்லி, செய்தவுடன் பரிசு கொடுத்துப் பயிற்சியைத் தொடரலாம்.

கயிற்றைக் கவ்வினால் நாம் எதிர்த்து இழுக்கக்கூடாது. இழுத்தால் அது கயிறு இழுக்கும் போட்டியாகிவிடும். நம் பக்கத்தைத் தளர்த்திவிட்டால் கவ்வுவதில் சுவை போய்விடும். மிகவும் கிளர்ச்சியாக இருக்கும் நாய்க்கு, அது தாவாமல் நிற்கும் கணத்தில் ஏழெட்டுப் பரிசுத் துண்டுகளைப் புல்லில் தூவித் தேடவிடலாம். தலையைத் தாழ்த்தி மோப்பம் பிடிக்கத் தொடங்கியதும் நாயின் மூச்சு சீராகி உடல் தளர்வதைக் கண்ணால் காணலாம்.

இதற்கும் அடங்காவிட்டால் நிழலுள்ள மரத்தில் கட்டிவிட்டு, நான்கு எட்டுத் தள்ளி ஒரு நிமிடம் முதுகைக் காட்டி நிற்க வேண்டும். அமைதியானதும் திரும்பி வர வேண்டும். ஒரே பயிற்சியில் மூன்றாம் தடவையும் இவ்வாறு கட்ட நேர்ந்தால் அன்றைய பாடம் அதற்கு அதிகம் என்று பொருள். தெரிந்த ஒரு செயலைச் செய்யவைத்துப் பரிசு கொடுத்து, பயிற்சியை முடித்து, கடிக்க ஏதேனும் கொடுத்து உறங்க விட வேண்டும். பழைய சாக்கை முறுக்கி முடிச்சிட்டு நனைத்துக் கொடுத்தால் பல் முளைக்கும் குட்டிக்கு ஈறு தினவு தணியும். சாக்கைப் பிய்த்து விழுங்குகிறதா என்று அருகிலிருந்து கவனிக்க வேண்டும்.

முதலில் கூடும், பிறகு குறையும்

இவ்விடத்தில்தான் பலர் மனம் தளர்ந்துவிடுகின்றனர். கூலியை நிறுத்திய முதல் சில நாள்களில் துள்ளல் குறைவதற்குப் பதில் கூடும். வழக்கமாகக் கிடைத்தது கிடைக்கவில்லையே என்று நாய் இன்னும் உயரமாகத் தாவிப் பார்க்கும். இன்னும் உரக்கக் குரைத்துப் பார்க்கும். இது முறை தவறு என்பதற்கு அடையாளம் அன்று. முறை வேலை செய்யத் தொடங்கியதற்கு அடையாளம். அப்போது நாம் பொறுமையிழந்து கத்திவிட்டால், "இவ்வளவு உயரம் தாவினால்தான் கிடைக்கும்" என்று கற்றுக்கொள்ளும்.

வீட்டில் நால்வர் கண்டுகொள்ளாமல் இருந்து, ஐந்தாமவர் மட்டும் "பாவம்" என்று தட்டிக்கொடுத்தாலும் பயனில்லை. கண்மாயில் தூண்டில் போடுபவர் ஒவ்வொரு தடவையும் மீன் சிக்காததால் எழுந்து போய்விடுவதில்லை. எப்போதாவது சிக்குவதால்தான் நாள் முழுதும் அமர்ந்திருக்கிறார். எப்போதாவது கிடைக்கும் கூலி, எப்போதும் கிடைக்கும் கூலியைவிடப் பழக்கத்தை ஆழமாக வேரூன்றச் செய்யும். ஆகவே வீட்டார் அனைவரும், தோட்ட வேலைக்கு வருபவர்களும் ஒரே மாதிரி நடந்துகொள்ள வேண்டும்.

அடித்தால் என்ன?

அடித்தால் அந்த நேரத்திற்கு அடங்கும், மறுப்பதற்கில்லை. ஆனால் அது கற்றுக்கொள்வது வேறு. ஆட்டை விரட்டிவிட்டுத் திரும்பி வந்த நாயை அடித்தால், விரட்டியதற்காக அடி என்று அது அறியாது. கூப்பிட்டதும் வந்ததற்கு அடி என்றே கொள்ளும். அடுத்த தடவை கூப்பிட்டால் வராது. உறுமியதற்கு அடி வாங்கிய நாய் உறுமுவதை விட்டுவிடும். எச்சரிக்காமலே கடிக்கும் நாயாக மாறவும் கூடும். சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில் இதைவிடப் பெரிய ஆபத்து இல்லை.

நாயை எப்போதும் கட்டிப்போட்டு உலவவிடாமல் வைத்திருப்பதும், வளர்த்த நாயைக் கைவிடுவதும் 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம் என்பதையும் உழவர்கள் நினைவில் கொள்ள வேண்டும்.

படிப்படியாக இடத்தை மாற்றுதல்

வீட்டு முற்றத்தில் பணியும் நாய் தெருவில் பணியாததற்குக் காரணம் திமிர் அன்று. கவனத்தைக் கலைக்கும் பொருள்கள் அங்கே அதிகம். எனவே இடத்தைப் படிப்படியாக மாற்ற வேண்டும்.

முதல் வாரம்: முற்றத்தில், ஆளும் ஆடும் இல்லாத நேரத்தில்.

இரண்டாம் வாரம்: களத்தில் அல்லது தரிசு நிலத்தில், ஒருவர் தூரத்தில் நடமாடும்போது.

மூன்றாம் வாரம்: ஆட்டுப்பட்டிக்கு ஐம்பது அடி தள்ளி. நாய் ஆட்டைப் பார்த்தும் நம் சொல்லைக் கேட்கும் தூரமே சரியான தூரம். காதை விறைத்து, உடலை முன்னுக்குத் தள்ளி, பரிசைக்கூட முகராமல் நின்றால் தூரம் போதாது. மேலும் பின்வாங்க வேண்டும்.

நான்காம் வாரம்: ஊர்த் தெரு, பேருந்து நிறுத்தத்தின் ஓரம். தடுப்பூசிகள் முடிந்த பிறகே வெளி நாய்கள் நடமாடும் இடத்திற்குக் கொண்டு செல்ல வேண்டும்.

ஒரு வாரம் என்பது உத்தேசக் கணக்கே. ஒரு படியில் பத்துக்கு எட்டுத் தடவை பணிந்தால் அடுத்த படி ஏறலாம். இல்லாவிட்டால் அதே படியில் நிற்க வேண்டும். சித்திரைத் திருவிழாவில் அழகர் தல்லாகுளம் வந்து சேரும் நாளின் கூட்டமும் கொட்டுமுழக்கமும் எவ்வளவு பழகிய நாய்க்கும் தாங்காதவை. அத்தகைய நாள்களில் நாயை வீட்டில் விட்டுச் செல்வதே நல்லது.

உயிர் காக்கும் இரு சொற்கள்

தோட்ட நாய்க்குப் பணிவு அழகுக்காக அன்று. எலிகளைக் கட்டுப்படுத்தப் பலர் சிங்க் பாஸ்பைடு கலந்த நச்சு இரை வைக்கின்றனர். எண்ணெய் தடவிய அந்த இரையின் மணம் நாயை ஈர்க்கும். வயிற்றிலுள்ள அமிலம் பட்டதும் அதிலிருந்து பாஸ்பீன் என்ற நச்சு வாயு வெளிப்படும். இதற்கென்று தனி முறிவு மருந்து இல்லை. நச்சு இரை தின்ற எலியைக் கவ்வுவதும் ஆபத்தே. இரை வைத்த நாள்களில் நாயை வயலில் அவிழ்த்துவிடக்கூடாது. பக்கத்து வயலில் வைத்திருப்பது நமக்குத் தெரியாமல் போகலாம் என்பதால் "விடு" என்ற சொல் அவசியம்.

இதைக் கற்பிக்கும் முறை: பரிசுத் துண்டை மூடிய கைக்குள் வைத்துக் காட்ட வேண்டும். நாய் நக்கும், பிராண்டும், கையைத் திறக்கக்கூடாது. மூக்கைச் சற்று விலக்கிய நொடியில் "விடு" என்று சொல்லி, மறு கையிலிருந்து வேறொரு துண்டைக் கொடுக்க வேண்டும். பல நாள் பழகியபின் துண்டைத் தரையில் வைத்துக் காலால் மறைத்தும், பின்னர் மறைக்காமலும் செய்யலாம். "விடு" என்று சொன்ன பொருளை ஒருபோதும் தின்னக் கொடுக்கக்கூடாது. நச்சு இரையைத் தின்றுவிட்டது என்று ஐயம் எழுந்தால் பாலோ சோறோ கொடுக்காமல் உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும். வாந்தியிலிருந்து வரும் வாயு மனிதருக்கும் தீங்கானது. வண்டியின் சன்னல்களைத் திறந்து வைக்க வேண்டும்.

"வா" என்ற சொல் கிணற்று மேட்டிலிருந்தும் சாலையிலிருந்தும் நாயைத் திருப்பும். முப்பதடிக் கயிற்றில் விட்டுப் பழக்க வேண்டும். வந்த ஒவ்வொரு தடவையும் பரிசு உண்டு. திட்டுவதற்கோ கட்டிப்போடுவதற்கோ மட்டும் "வா" என்று அழைத்தால் அச்சொல் செத்துவிடும்.

நம் நாட்டு இனங்கள்

நம் பகுதியில் நாட்டு நாய்களோடு ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை ஆகிய இனங்களும் வளர்க்கப்படுகின்றன. ராஜபாளையம் நாய்க்கு 2005-இல் இந்திய அஞ்சல் துறை அஞ்சல்தலை வெளியிட்டுச் சிறப்பித்தது. இவற்றுள் சிப்பிப்பாறையும் கன்னியும் ஓடும் இரையைக் கண்ணால் கண்டு துரத்துவதற்கென்றே தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுக்கப்பட்டவை. ஆட்டுக்குட்டி ஓடினால் துரத்தத் தோன்றுவது அவற்றின் இரத்தத்தில் ஊறியது. எனவே இவ்வினக் குட்டிகளை மூன்று மாதத்திற்குள்ளேயே ஆடு, கோழி, பிள்ளைகள் ஆகியோரோடு நம் மேற்பார்வையில் பழக்குவது அவசியம். இவற்றுக்கு நாள்தோறும் ஓட இடமும் வேண்டும். முயல், மயில் முதலியவற்றை வேட்டையாட விடுவது 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி தண்டனைக்குரியது.

நாட்டு இனங்கள் பயிற்சிக்கு ஒத்துவரா என்று சிலர் கூறுவர். சிப்பிப்பாறையைப் போன்றே ஓட்ட இனமான கர்நாடகத்து முதோல் நாய்களை 2016-இல் இந்திய இராணுவம் மீரட் பயிற்சி மையத்தில் பழக்கத் தொடங்கியது. பழக்குபவரின் பொறுமையே இங்கு முக்கியம்.

குறும்பா, நோயா?

இதுவரை நல்ல நலத்தோடு இருக்கும் இளநாயின் துள்ளலைப் பற்றிக் கூறினோம். அமைதியாக இருந்த நாய் திடீரென்று காரணமின்றிச் சீறுதல், மண், கட்டை முதலியவற்றைக் கடித்தல், எச்சில் ஒழுகுதல், குரல் மாறுதல், தாடை தொங்குதல், விழுங்க முடியாமை, இருட்டில் ஒளிதல் ஆகியவை தென்பட்டால் அது குறும்பு அன்று, வெறிநோயாக இருக்கலாம். அதற்குப் பயிற்சி கொடுக்க முயலாமல், யாரும் நெருங்காதபடி செய்து கால்நடை மருத்துவருக்குத் தெரிவிக்க வேண்டும்.

மூன்று மாதம் ஆனதும் வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, மருத்துவர் சொல்லும் நாளில் மறு ஊசியும், பின்னர் ஆண்டுதோறும் ஊசியும் தவறாமல் போட வேண்டும். மதுரைப் பகுதி உழவர்கள் தல்லாகுளத்திலுள்ள அரசு கால்நடை மருத்துவமனையையோ, தம் ஊருக்கு அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தையோ அணுகலாம். விளையாட்டாகக் கடித்ததில் தோல் கீறினாலும், கடித்தது நம் வீட்டுக் குட்டியே ஆனாலும், காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்திற்குச் செல்ல வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதையும் காயத்தில் வைக்கக்கூடாது. வெறிநோய் அறிகுறி தோன்றியபின் பிழைப்பது அரிதினும் அரிது.

நாற்று விட்டு நான்கு மாதம் காத்திருந்து நெல் அறுக்கும் உழவர்களுக்குப் பொறுமையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. நாள்தோறும் கால் மணி நேரம் ஒதுக்கி, ஓராண்டு வரை இம்முறையைக் கைக்கொண்டால், பத்து ஆண்டுக்கு மேல் தோட்டத்தைக் காக்கும் துணையைப் பெறலாம். ஆறாம் மாதத்தில் சங்கிலியை எடுக்கும் முன், அந்த நாய்க்கு அன்று நடக்கவும் மோப்பம் பிடிக்கவும் உறங்கவும் போதிய வாய்ப்புக் கிடைத்ததா என்று ஒருமுறை எண்ணிப் பார்ப்பது நலம்.